ஜெனரல் ரூபன் இருந்த பங்கர்

ஓம் பிள்ளை, இருந்தவன். எழுதுங்கோ. ஜெனரல் ரூபன் சின்ன வயசில பங்கருக்க, பதுங்குகுழிக்க இருந்தவர், மேல குண்டு போடுற பொம்பர் சுத்தேக்க தாயோடையும் தமக்கையோடையும் கீழ குந்தியிருந்தவர், அந்தத் தமக்கை நான்தான் எண்டு எழுதுங்கோ. அவ்வளவுதானே கேக்க வந்தனீங்கள்? அதுக்குப் பேப்பருக்காக வாஷிங்டனில இருந்து பிளேனில வந்து, பிறகு கொழும்பில இருந்து பஸ்ஸில நாரி நோக வந்து... பாவம் நீங்கள். தேத்தண்ணி ஆறுது, குடியுங்கோ. சீனி கூடிப்போச்சோ? அங்கத்தைய பிள்ளையள் சீனியில்லாமல்தான் குடிக்கிறது. ரூபனும் அப்பிடித்தான்.

உங்கட தமிழ் நல்லாத்தான் இருக்கு. அங்கயே பிறந்து வளந்தனீங்கள் எண்டால் ஆரும் நம்பமாட்டினம். அப்பா அம்மா எந்த ஊர்? அளவெட்டியோ. அப்ப கிட்டத்தான். அந்தக் குரல் பதியிற மிஷின் ஓடுதோ? ஓடட்டும், ஓடட்டும். தம்பியைப் பற்றிக் கதைக்க எனக்கென்ன பயம்.

அவன்ர முழுப்பேர் ஞானரூபன். அப்பான்ர பேர் மார்க்கண்டு. அங்க அவையளுக்கு வாய்க்குள்ள நுழையாது, ரூபென் மார்க்கண்டு எண்டு ஆக்கிப்போட்டினம். சட்டையில 'மார்க்கண்டு' எண்டு தைச்சிருக்குது பாத்தனீங்கள்தானே? அப்பா சாகும்வரைக்கும் தபால் கந்தோரில முத்திரை குத்தின மனுசன். அவற்ர பேரை அமெரிக்கா எயார் போர்ஸ் ஜெனரல் ஒருத்தர் நெஞ்சில போட்டுக்கொண்டு திரியிறார். அதை நினைச்சால் எனக்கு இப்பவும் கண் கலங்கும்.

எனக்கும் அவனுக்கும் எட்டு வயசு வித்தியாசம். இடையில ரண்டு பிள்ளை அம்மாக்குத் தங்கேல்லை. அதால அவனை நான்தான் தூக்கி வளத்தது எண்டு சொல்லவேணும். என்ர சாப்பாட்டுக் கோப்பையில இருக்கிறதுதான் அவனுக்கு ருசி. தன்ரயில அதே புட்டு, அதே குழம்பு இருக்கும். கையை நீட்டி என்ரயைத்தான் எடுப்பான். அம்மா ஏசுவா. நான் கோப்பையை அவன்ர பக்கம் தள்ளிவிடுவன். எடுக்கட்டுமன், தம்பிதானே.

பிளேனெண்டால் அவனுக்கு விசர். பள்ளிக்கூடம் விட்டவுடன சைக்கிளை எடுத்துக்கொண்டு பலாலி விமானநிலையத்துக்குப் போயிடுவான். அங்க கம்பிவேலியைப் பிடிச்சுக்கொண்டு நிண்டு, பிளேன் இறங்கி ஏறிறதைப் பாத்துப்போட்டு வந்து எனக்குச் சொல்லுவான். சொல்லேக்க ரண்டு கையையும் விரிச்சு வீடு முழுக்க ஓடுவான். அப்ப பிளேனெண்டால் ஆக்கள் ஏறிப் போறதுக்குத்தான் பிள்ளை. வேறை எதுக்கும் வரும் எண்டு எங்களுக்கு ஆர் சொன்னது?

பிறகு ரெக்சசில இருந்த மாமா, அம்மான்ர தமையன், அவனைக் கூப்பிட்டார். அவருக்குப் பிள்ளையள் இல்லை. தத்தெடுத்த மாதிரிக் காகிதங்கள் செய்துதான் கூப்பிட்டவர். அம்மா விமானநிலையத்தில மயங்கி விழுந்தவ. அவன் அழேல்லை. பிளேனில ஏறுற சந்தோசம் அவனுக்கு. கடைசிப் படியில நிண்டு திரும்பிப் பாத்துக் கை காட்டினவன். மீசை அரும்பியும் அரும்பாத முகம்.

எந்த வருசமோ? எண்பத்தொண்டு.

ஏன் பிள்ளை, எழுதிப்போட்டு என்னைப் பாக்கிறியள்? பங்கர் எப்ப வெட்டினது எண்டோ? அதெல்லாம் எனக்கு ஞாபகமில்லை. வயசு போட்டுது. நீங்கள் மற்றதைக் கேளுங்கோ.

அவன் மேல போனதைக் கேளுங்கோ. பல்கலைக்கழகத்தில படிக்கேக்கயே அங்க பட்டாளப் பயிற்சியும் குடுப்பினமாம், அதில சேந்து, அப்பிடியே எயார் போர்ஸ். படம் அனுப்புவான். எனக்கு அந்தப் பதவிப் பேர்கள் ஒண்டும் விளங்காது. தோளைத்தான் பாப்பன். முதல் படத்தில தோளில ஒரு கம்பி. பிறகு ரண்டு கம்பி. பிறகு கம்பி போய் இலை வந்தது. கன வருசம் இலைதான். பிறகு இலை போய்ப் பறவை வந்தது, செட்டையை விரிச்சபடி. அதுக்குப் பிறகுதான் நட்சத்திரம். ஒரு நட்சத்திரம், ரண்டு நட்சத்திரம். இப்ப மூண்டாவதுக்கு அங்கத்தைய பெரிய சபை கூடிச் சம்மதம் சொல்லவேணுமாம். அதுக்காகத்தானே நீங்களும் வந்திருக்கிறியள்.

பொம்பர் ஓடினவனோ எண்டு கேளாதையுங்கோ. ஓடினவன்தான். நான் ஏன் மறைக்க? தொண்ணூற்றொண்டில பாலைவனத்தில சண்டை நடந்தது எல்லோ, அதில ஓடினவன். அந்த நேரம் நாங்களும் இஞ்ச பங்கருக்க. எங்களுக்கு அவன் எங்க நிக்கிறான் எண்டு தெரியாது. அவனுக்கும் நாங்கள் உயிரோட இருக்கிறமோ எண்டு தெரியாது. ரெலிபோன் இல்லை, தபால் இல்லை, கரண்டு இல்லை. அம்மா விளக்கை வைச்சுக்கொண்டு, "என்ர பிள்ளைக்குப் பிளேனில ஒண்டும் நடக்கக்கூடாது முருகா" எண்டு கும்பிடுவா. மேல பொம்பர் சத்தம் கேட்டவுடன அதே வாயால, "அறுவான்ர பிளேன் விழவேணும்" எண்டு திட்டுவா. எனக்குச் சிரிப்பாயும் இருக்கும்.

ரூபன் ஓடின அமெரிக்காப் பிளேன் வேறை பிள்ளை. ரூபன் எனக்கு விளங்கப்படுத்தினவன். அது கன உயரத்தில பறக்குமாம். குறி பாத்துத்தான் போடுமாம். கீழ இருக்கிற சனத்துக்குச் சத்தமே கேக்காதாம். எனக்கு அது பெரிய ஆறுதலாய் இருந்தது. எங்களைச் சாகடிச்சது குண்டில்லை, அந்தச் சத்தம்தான். சத்தமில்லை எண்டால் பயப்பட நேரமிருக்காது எல்லோ?

என்ன பிள்ளை, பேனையை வைச்சிட்டியள்? சரி, சரி. அமெரிக்காக்குப் போனதைச் சொல்லுறன்.

சண்டையெல்லாம் முடிஞ்ச பிறகு என்னைக் கூப்பிட்டவன். அம்மா அப்ப உயிரோட இல்லை. நான் கட்டின மனுசனும் இல்லை. தனியத்தான் போனனான். வெர்ஜீனியாவில பெரிய வீடு. அவன்ர மனிசி டயான். நல்ல பிள்ளை, நான் குறை சொல்லமாட்டன். காலமையில எனக்கு முன்னமே எழும்பிக் கோப்பி போட்டுத் தருவா. எனக்கு இங்கிலீசு வராது, அவவுக்குத் தமிழ் வராது. ரண்டு பேரும் சிரிச்சுச் சிரிச்சே சமாளிச்சம். ரூபன்ர தோளில அப்ப பறவைதான். நட்சத்திரம் வருமோ வராதோ எண்டு வீட்டில ஒரு பதட்டம் இருந்தது. அவன் சாப்பிடேக்கயும் போனைப் பாத்துக்கொண்டிருப்பான்.

ஒரு சனிக்கிழமை அவன்ர முகாமில குடும்பங்களுக்கெண்டு ஒரு கொண்டாட்டம். பச்சைப் புல்லு, கதிரையள், பிள்ளையளுக்குப் பலூன், பெரிய பெரிய ஆக்கள். நான் கத்தரிப்பூ நிறச் சீலை உடுத்தனான். டயான் வெள்ளைச் சட்டை. ரூபன் என்னைக் கூட்டிக்கொண்டு போய் ஒவ்வொருத்தருக்கும், "இது என்ர அக்கா, என்னை வளத்தவ" எண்டு சொல்லிக் காட்டினவன். எல்லாரும் என்ர கையைப் பிடிச்சுக் குலுக்கினவை. எனக்கு வெக்கமாயும் இருந்தது, பெருமையாயும் இருந்தது.

பிளேன் பறக்கிறது காட்டப்போகினம் எண்டு எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை. சொல்லியிருப்பினம், இங்கிலீசில சொல்லியிருப்பினம்.

மரங்களுக்குப் பின்னால இருந்து வந்தது. முதல் சத்தமில்லை. பிறகு எல்லாம் சத்தம். எனக்கு என்ன நடந்தது எண்டு தெரியாது பிள்ளை, பாத்தால் நான் புல்லில குப்புறக் கிடக்கிறன். கை ரண்டும் காதில. வாயைத் திறந்து வைச்சிருக்கிறன். காதுச் சவ்வு வெடிக்காமல் இருக்க வாயைத் திறக்கவேணும், உங்களுக்குத் தெரியாது. என்ர கைக்குக் கீழ டயான். அவவையும் இழுத்து விழுத்தி, மேல படுத்திருக்கிறன். அவவின்ர கோப்பி முழுக்க அவவின்ர வெள்ளைச் சட்டையில.

நிமிந்து பாத்தால், எல்லாரும் நிண்டு எங்களைப் பாக்கினம். ரூபன்தான் ஓடி வந்து என்னைத் தூக்கினவன். "அக்கா, ஒண்டுமில்லை. எங்கட பிளேன். எங்கட பிளேன் அக்கா" எண்டவன். டயான் எழும்பிச் சட்டையைத் துடைச்சவ. அந்தச் சட்டையில கறை போகேல்லை எண்டு நினைக்கிறன். அதுக்குப் பிறகு அவ எனக்குக் கோப்பி போட்டுத் தரேல்லை. ஒரு சட்டைக்கு இவ்வளவு கோவமோ எண்டு யோசிச்சனான். நான் போற அண்டைக்கு மட்டும் என்னைக் கட்டிப்பிடிச்சு அழுதவ. அது ஏனெண்டு எனக்கு இப்பவும் விளங்கேல்லை.

அண்டைக்குப் பின்னேரம் ரூபன், நான் சமைச்சுக்கொண்டிருந்த குசினிக்க வந்து கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தான். "அக்கா, எனக்குச் சொல்லுங்கோ. பங்கருக்க என்னெண்டு இருந்தனீங்கள்? எல்லாத்தையும் சொல்லுங்கோ" எண்டான்.

...

பிள்ளை, உந்த மிஷினை ஒருக்கா நிப்பாட்டுங்கோ. நிப்பாட்டிப்போட்டனீங்களோ? சத்தியமாய்?

ஓம். உங்களுக்குத்தான் முதலே விளங்கிப்போச்சே. உங்கட முகத்தில தெரியுது. இருந்திருந்தால் அவன் ஏன் என்னட்டைக் கேக்கப்போறான்?

அவன் இருக்கேல்லை. எண்பத்தொண்டில போனவன். நாங்கள் பங்கர் வெட்டினது தொண்ணூறில. வளவில, வாழைக்குப் பக்கத்தில. என்ர மனுசன் கொழும்புத் துறைமுகத்தில வேலை, சண்டையால பாதை பூட்டி வர ஏலாமல் அங்கயே நிண்டிட்டார். நானும் அம்மாவும் பக்கத்து வீட்டுக்காரரோட சேந்துதான் வெட்டினது. மேல பனைமரம் தறிச்ச பனங்குத்தி அடுக்கி, அதுக்கு மேல மண்மூட்டை. உள்ளுக்க அம்மா, நான், என்ர மகன்.

மகனைப் பற்றி உங்களுக்கு ஆரும் சொல்லேல்லைத்தானே? ரூபன் மேடையில பேசிற பேச்சுகளில என்ர மகன் இல்லை. எனக்குத் தெரியும்.

ஆரூரன் எண்டு பேர். அப்ப ஐஞ்சு வயசு. கெட்டிக்காரன், வாய் ஓயாது. பங்கருக்க இறங்கிறதெண்டால் அவனுக்கு விளையாட்டு. எங்களுக்கு முன்னம் இறங்கிப்போய் நல்ல மூலையைப் பிடிச்சுக்கொண்டு, "அம்மம்மாக்கு இடமில்லை" எண்டு சொல்லிச் சிரிப்பான். அண்டைக்கும் அப்பிடித்தான். மழை விட்டு ரண்டு மூண்டு நாள், உள்ளுக்க ஈரம். பொம்பர் வந்து சுத்துது. ஆரூரன் என்ர மடிக்கு வராமல் அந்த மூலையில இருந்தவன். "அம்மா, முள்ளுக் குத்திப்போட்டுது" எண்டவன். பங்கருக்க என்ன முள்ளு? நான் காலைத் தடவிப் பாத்தன். இருட்டு. மேல குண்டு விழுந்து மண் சொரியுது. "அசையாதை ராசா, போகட்டும்" எண்டு அவனை இழுத்து மடியில வைச்சன். அம்மா நெருப்புக்குச்சியைத் தட்டினா. புடையன் பாம்பு. மூலையில சுருண்டு கிடக்குது. அம்மாதான் மண்வெட்டியால அடிச்சவ. என்ர அம்மா கரப்பானுக்குப் பயந்த மனுசி பிள்ளை. அடிச்சு அடிச்சு, அது செத்த பிறகும் அடிச்சுக்கொண்டிருந்தவ.

வெளியில வர ஏலுமெண்டு ஆனவுடன தூக்கிக்கொண்டு ஓடினன். ஆஸ்பத்திரியில டொக்டர் இருந்தவர். மருந்து இருக்கேல்லை. பாதை பூட்டினால் மருந்தும் வராதுதானே. அந்த டொக்டர் சின்னப் பெடியன், என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு தானும் அழுதவர்.

இதைத்தான் நான் அண்டைக்கு வெர்ஜீனியாக் குசினியில ரூபனுக்குச் சொன்னனான். அதுக்கு முன்னம் நான் ஒருத்தருக்கும் முழுக்கச் சொன்னதில்லை. மனுசனுக்குக் கூட. அவர் கேக்கவுமில்லை, அப்பிடியே ஒண்டும் கேக்காமலே செத்துப்போனார். ரூபன் கேட்டவன். திருப்பித் திருப்பிக் கேட்டவன். பனங்குத்தி எவ்வளவு தடிப்பு, உள்ளுக்க என்ன மணம், மண் சொரியேக்க எப்பிடி இருக்கும், அம்மா மண்வெட்டியை எந்தக் கையால பிடிச்சவ. நான் சொல்லச் சொல்ல அவன் அழுதான். சின்னப் பிள்ளை மாதிரி என்ர மடியில தலையை வைச்சு அழுதான். "அக்கா, நான் உங்களோட இருந்திருக்கவேணும்" எண்டவன். ஒரு கிழமையாய் ஒவ்வொரு நாளும் பின்னேரம் வந்து இருப்பான். எனக்குப் பாரம் இறங்கின மாதிரி இருந்தது பிள்ளை. என்ர தம்பி எவ்வளவு அன்பு எண்டு நினைச்சன். இப்பவும் அன்புதான். நான் அதை இல்லை எண்டு சொல்லமாட்டன்.

அடுத்த வருசம் நட்சத்திரம் கிடைச்சது. விழா நடந்ததை ஆரோ படம் பிடிச்சுப் போட்டிருந்தவை. மச்சாளின்ர மகள் வினோதா, இங்கிலீசு படிப்பிக்கிறவ, அவதான் போனில கொண்டுவந்து காட்டினவ. எவ்வளவு வடிவு! டயான் ஒரு தோளில நட்சத்திரம் குத்துறா, ஒரு பெரிய அதிகாரி மற்றத் தோளில. பிறகு ரூபன் பேசினான். எனக்கு விளங்காட்டியும் அவன்ர வாயையே பாத்துக்கொண்டிருந்தன். அவன் பேசி முடிச்சான். பிறகு எல்லாரும் எழும்பி நிண்டு கை தட்டினவை. எனக்குச் சந்தோசத்தில புழுகம் தாங்கேல்லை. "என்ன சொன்னவன் பிள்ளை, சொல்லு, சொல்லு" எண்டு வினோதாவைப் பிடிச்சு உலுப்பினன்.

வினோதா போனில ஓடினதை நிப்பாட்டினவ. பிறகு, "அத்தை, ரூபன் மாமா பங்கருக்க இருந்தவரோ?" எண்டு கேட்டா.

அவ சொல்லச் சொல்லத்தான் எனக்கு விளங்கினது. ஒரு பெடியன். தாயும் தமக்கையும் அவனும் பங்கருக்க. மேல பொம்பர். மண் சொரியுது. பாம்பு வருது. அந்தப் பெடியன் மண்வெட்டியை எடுத்துப் பாம்பை அடிச்சுத் தாயையும் தமக்கையையும் காப்பாத்துறான். "அண்டைக்குக் கீழ இருந்தவன்தான் இண்டைக்கு மேல பறக்கிறன். அதால ஒவ்வொரு முறையும் கீழ இருக்கிற ஆக்களை நினைச்சுத்தான் பறக்கிறன்" எண்டு முடிச்சிருக்கிறான். அதுக்குத்தான் எழும்பி நிண்டு கை தட்டினவை.

நான் வினோதாவுக்கு என்ன சொன்னனான் எண்டு நினைக்கிறியள்? "ஓம், இருந்தவன்தானே, உனக்குத் தெரியாது, நீ அப்ப பிறக்கேல்லை" எண்டன். வாயில வந்திட்டுது.

கோவம் வரேல்லை எண்டு சொன்னால் நம்புவியளோ? மெய்யாத்தான். அவன் எங்களோட இருக்க ஆசைப்பட்டவன், அதுதான் அப்பிடிச் சொல்லிப்போட்டான் எண்டு எனக்கு நானே சொல்லிக்கொண்டன். என்ர கதைதானே, எடுக்கட்டுமன். அதால அவன் மேல போறான் எண்டால் போகட்டுமன். ஒருக்காப் போனில கேட்டனான். அவன் ஒண்டையும் மறைக்கேல்லை. "அக்கா, அண்டைக்கு நீங்கள் புல்லில விழுந்த பிறகு எல்லாரும் வந்து விசாரிச்சவை. நான் பங்கரைப் பற்றிச் சொன்னன். டயானும் பக்கத்தில நிக்கேக்க ஒரு பெரிய அதிகாரி, 'நீயும் உள்ளுக்க இருந்தனியோ?' எண்டு கேட்டார். நான் இல்லை எண்டு சொல்லேல்லை. அவ்வளவுதான் அக்கா. நான் ஓம் எண்டும் சொல்லேல்லை" எண்டவன். பிறகு ஒவ்வொரு இடத்திலயும் அதைச் சொல்லச் சொல்லி அவையே கேட்டினமாம். சொல்லச் சொல்லக் கதை தானாய் வளந்து போச்சாம்.

ஆனால் பிள்ளை, அதுக்குப் பிறகு ஒவ்வொரு பேச்சையும் வினோதாவைக் கொண்டு தேடிப் பாப்பன். பள்ளிக்கூடத்தில பேசினது, ரீவியில பேசினது, பட்டமளிப்பில பேசினது. வினோதா சொல்லுவா, நான் கேட்டுக்கொண்டிருப்பன். இந்த முறை ஆரூரன் வருவானோ எண்டு பாப்பன். வரமாட்டான். ஈரம் வரும், பனங்குத்தி வரும், நெருப்புக்குச்சி கூட வரும். நான் சொன்னது ஒண்டும் தப்பாது. என்ர பிள்ளை மட்டும் வரமாட்டான்.

நேற்றுக் காலமை ரூபன் போன் எடுத்தவன். நீங்கள் கொழும்பில இறங்கிட்டியள் எண்டு அவனுக்குத் தெரியும். குரல் சரியில்லை. "அக்கா, ஒரு பேப்பர்க்காரப் பிள்ளை வரும். என்னைப் பற்றிக் கேக்கும். நான் இருந்தனான் எண்டு மட்டும் சொல்லிவிடுங்கோ. வருசத்தைக் கேட்டால் ஞாபகமில்லை எண்டு சொல்லுங்கோ" எண்டான்.

"சொல்லுறன் தம்பி" எண்டன். "அதுக்கென்ன, சொல்லுறன். நீ எனக்கு ஒண்டு செய். இனிப் பேசேக்க ஆரூரனையும் சொல்லு. அவனும் இருந்தவன் எண்டு சொல்லு. பேரைச் சொன்னால் போதும்."

"என்னடா தம்பி, லைன் அறுந்து போச்சோ?"

"இல்லை அக்கா. அது... அதைச் சொல்ல ஏலாது அக்கா."

"ஏன் ஏலாது?"

"சொன்னால், பிறகு பிள்ளைக்கு என்ன நடந்தது எண்டு கேப்பினம். பாம்பை அடிச்சவன் நான் எண்டு சொல்லிப்போட்டன் அக்கா. அப்ப நீ அங்க இருந்தும் பிள்ளை எப்பிடிச் செத்தது எண்டு கேப்பினம். நான் என்ன சொல்லுறது? கதை நிக்காது அக்கா."

கதை நிக்காது எண்டவன்.

நான், "சரி தம்பி, உடம்பைப் பாத்துக்கொள்" எண்டு சொல்லி வைச்சிட்டன். அதுக்குப் பிறகு சமைக்கேல்லை. உங்களுக்குத் தர ஒரு பலகாரமும் இல்லாதது அதாலதான், குறை நினையாதையுங்கோ. உங்களுக்கு ஓம் எண்டு சொல்லுறதெண்டுதான் காலமை எழும்பேக்கயும் நினைச்சுக்கொண்டிருந்தனான். நீங்கள் வந்து இருந்தவுடன சொல்லியும் போட்டன், பாத்தியள்தானே, ஒரு தடங்கலும் இல்லாமல். இருந்தவர் எண்டு எழுதுங்கோ எண்டு சொன்னன். சொல்லிப்போட்டு, நீங்கள் குனிஞ்சு எழுதிறதைப் பாத்துக்கொண்டிருந்தன். தாய், தமக்கை, ரூபன் எண்டு எழுதுறியள். மூண்டு பேர். அந்தப் பங்கரில மூண்டு பேர்தான் இருக்கலாம் பிள்ளை. நாலாவது ஆளுக்கு அதில இடமில்லை. ரூபனை நான் உள்ளுக்க விட்டால், நானே என்ர கையால ஆரூரனைத் தூக்கி வெளியில விடுறன் எல்லோ?

ரூபனுக்கு நான் கோப்பையில இருந்து எவ்வளவோ குடுத்தனான். அதையெல்லாம் குடுக்கலாம்.

மிஷினைப் போடுங்கோ. ஓம், போடுங்கோ, எனக்குத் தெரியும் என்ன நடக்கும் எண்டு. மூண்டாவது நட்சத்திரம் வராது. இருக்கிறதும் நிக்குமோ தெரியாது. அப்பான்ர பேர் பேப்பரில வேறை மாதிரி வரும். டயான் என்ன நினைப்பாவோ. இனி ரூபன் என்னோட கதைக்கமாட்டான். எனக்கு இந்த உலகத்தில அவனை விட்டால் ஆருமில்லை, அதையும் எழுதுங்கோ, இல்லாட்டி எழுதாமல் விடுங்கோ. ஓடுதோ மிஷின்?

என்ர பேர் தவமணி. ஞானரூபன் என்ர கூடப்பிறந்த தம்பி. அவன் நல்லவன். பங்கருக்க அவன் இருக்கேல்லை. இருந்தது என்ர அம்மா, நான், என்ர மகன் ஆரூரன். பாம்பை அடிச்சது என்ர அம்மா. பாம்பு கடிச்சது என்ர மகனை.

அவ்வளவுதான். வேறை ஒண்டுமில்லை.

பிள்ளை, ஆரூரன் எண்டதை நீங்கள் இங்கிலீசில எப்பிடி எழுதுவியள்? எழுதிக் காட்டுங்கோ, பாப்பம். பெரிசாய் எழுதுங்கோ, கண்ணாடியில்லை. உதோ? உவ்வளவு எழுத்தோ அவன்ர பேருக்கு? பிழை விடமாட்டினம்தானே, உங்கட பேப்பரில? எங்க, ஒருக்கா வாசியுங்கோ.

இன்னொருக்கா.

போன்தான். ஓம், அவன்தான், அங்க இப்ப பொழுதுபட்டிருக்கும், இந்த நேரத்துக்குத்தான் எடுப்பான். அடிக்கட்டும் பிள்ளை. நீங்கள் வாசியுங்கோ.